கூதல் மலைக்குப் போன கொண்டைக்காரர்கள்

ஆவாரங்குளத்தின் கரையில் ஒரு பெரிய புளியமரம். அந்த மரத்தில் நாற்பது கோழிகள் குடியிருந்தன. அவற்றுக்குத் தலைவி பொறிச்சி. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பொறி பொறியாக இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மனசு நல்ல மனசு. ஒரு குஞ்சுக்குக் காலில் முள் குத்தினாலும் பொறிச்சிக்குச் சோறு இறங்காது.

அந்தக் கோழிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்து மரம் ஏறும்போது, கொண்டையைப் பார்த்துத்தான் கிளை கொடுக்கும். பெரிய கொண்டைக்கு உச்சிக்கிளை. அதற்கு ராஜாக் கிளை என்று பெயர். அதைவிடச் சின்னக் கொண்டைக்கு அடுத்த கிளை. இப்படியே இறங்கி இறங்கி வந்து, பட்டாணி அளவு கொண்டை இருந்தால் அடிக்கிளை. தலையில் இருக்கிற சதையில் என்ன பெருமை என்று நாம் கேட்கக் கூடாது. கேட்டால் கொத்த வரும்!

ராஜாக் கிளை பொறிச்சியின் மகனுக்கு. அதன் பெயர் செங்கொண்டான். அடேயப்பா, அந்தக் கொண்டை! செக்கச்செவேல் என்று, ஆறு முனையோடு, தலையாட்டினால் தானும் ஆடும். மகன் உச்சியில் ஏறி உட்காரும்போதெல்லாம் பொறிச்சிக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

"என் ராசாவைப் பாருங்கடி! கண்ணு படப் போகுது!" என்று தானே எல்லோருடைய கண்ணையும் அங்கே திருப்பிவிடும்.

அடிக்கிளை மெத்தைக்கும் அதன் கூட்டத்துக்கும். அவை மொத்தம் பன்னிரண்டு. குட்டையான உடம்பு. பொசுபொசுவென்று அடர்த்தியான இறகு. காலில்கூட இறகு. கொண்டை இருக்கிறதா என்று கிட்டப் போய்த் தேடிப் பார்க்க வேண்டும். அந்தப் பொசுபொசு இறகினால்தான் அவற்றின் மூத்தவளுக்கு மெத்தை என்று கேலிப்பெயர் வந்தது. நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. மெத்தையும் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் ஓடி வரும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போன கோடை பொல்லாத கோடை. குளம் வற்றிச் சேறாகி, சேறும் காய்ந்து வெடித்துவிட்டது. அந்தச் சித்திரையில் மட்டும் பதினேழு கோழிகள் செத்துப்போயின. அதற்குப் பிறகு மிஞ்சியவைதான் இந்த நாற்பது. பொறிச்சி ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்று அழுதது. மழை வந்து குளம் நிறைந்த பிறகும் அந்தத் துக்கம் தீரவில்லை.

"இன்னொரு கோடை இப்படி வந்தா நம்ம குலமே இருக்காது. போக்கிடம் ஒண்ணு தேடணும்" என்று அது நாள்தோறும் புலம்பியது.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் ஒரு முள்ளம்பன்றி அந்தப் பக்கம் வந்தது. அதன் பெயர் ஊசியப்பன். கூதல் மலையின் உச்சியில் அதற்குக் கிழங்குத் தோட்டம் உண்டு.

"ஏம்மா, நீதான் இங்க தலைவியா?" என்று ஊசியப்பன் கேட்டது. "என் கிழங்கையெல்லாம் புழு அரிக்குது. கிளறிப் பொறுக்கித் தின்ன ஆள் வேணும். கோடையில வந்தா நாற்பது பேருக்கும் சாப்பாடு இருக்கு. வத்தாத சுனை இருக்கு. ஆனா குளிர்காலத்துல புழு கம்மி. பன்னிரண்டு பேருக்கு மேல தாங்காது. அந்தப் பன்னிரண்டு பேர் தை மாசம் முடிய அங்கேயே இருந்து காட்டணும். இருந்துட்டா இடம் உங்களுக்கு. நடுவில விட்டுட்டு ஓடினா கௌதாரிகளைக் கூப்பிட்டுக்குவேன்!"

பொறிச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. பன்னிரண்டு பேர் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் போதும். கோடை வரும்போது மொத்தக் கூட்டமும் மேலே போய்விடலாம். ஒரு குஞ்சுகூடச் சாகாது.

"வர்றோம் சாமி! பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிட்டு வர்றேன்!" என்றது பொறிச்சி.

மறுநாளே கூட்டம் கூடியது. யார் யார் போவது? பொறிச்சிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெரிய காரியத்துக்குப் பெரிய கொண்டை. அவ்வளவுதான். செங்கொண்டானில் தொடங்கி வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தது.

அடிக்கிளையிலிருந்து மெத்தை மெதுவாகக் கேட்டது. "அக்கா, அந்த மலையில ரொம்பக் குளிராமே. கொண்டைக்கு மேல இறகு இல்லையே. தாங்குமா?"

கோழிகள் எல்லாம் கொக்கரித்துச் சிரித்தன.

"கொண்டை இல்லாதவளுக்குக் கொண்டையைப் பத்திக் கவலையைப் பாரேன்!" என்றது செங்கொண்டான்.

கூதல் என்றாலே குளிர்தானே, கூதல் மலை என்ற பெயரைக் கேட்டாவது யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

இதையெல்லாம் ஆவாரம்புதருக்குப் பின்னால் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு நரி. தனக்குத் தானே நியாயமூர்த்தி என்று பெயர் வைத்துக்கொண்ட நரி அது! மெல்லியதாய், எலும்பும் தோலுமாய் இருக்கிற கொண்டைக்காரர்களை அது சீண்டுவதே இல்லை. கொழுகொழுவென்று இருக்கிற அடிக்கிளைக் கூட்டத்தின் மேல்தான் அதற்கு எப்போதும் கண்.

"பொறிச்சியம்மா! வணக்கம், வணக்கம்!" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து தள்ளியே நின்றது. "வழியில போறவன் சொல்றேனேன்னு நினைக்காதீங்க. நீங்க செஞ்சதுதான் சரி. புது இடத்துக்குப் போகும்போது லட்சணமானவங்கதான் முன்னால போகணும். பார்க்கிறவங்க அசந்துபோகணும்! இந்தப் பொசுபொசு கூட்டத்தைக் கூட்டிப் போனா உங்க மானம்தான் போகும். அவங்க இங்கேயே இருக்கட்டும். நான் ஒரு கண்ணு வச்சுக்கிறேன்!"

நரியை நம்பக் கூடாது என்று பொறிச்சிக்குத் தெரியும். ஆனால் நம் மனசில் இருப்பதையே இன்னொருத்தர் சொன்னால், அந்த நேரத்துக்கு அவர் நல்லவராகத்தான் தெரிகிறார். பொறிச்சிக்கும் அப்படித்தான் ஆயிற்று.

"நரிகூட ஒத்துக்குது பாருங்க!" என்றது பெருமையாக.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது நரி சொன்னதைக் கேட்கவில்லை. "மலையில முட்டை விட்டா அடைகாக்க ஒருத்தி வேணுமே. கொண்டைக்காரிகளுக்கு ஒரு இடத்துல உட்காரப் பொறுமை கிடையாது. மெத்தையும் வரட்டும். மத்த பதினோரு பேரும் கொண்டைக்காரங்கதான்" என்றது.

நரிக்கு ஒரு விருந்து குறைந்த வருத்தம். ஆனாலும் இன்னும் பதினொன்று இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு போய்விட்டது.

பொறிச்சியும் செங்கொண்டானும் இன்னும் ஒன்பது கொண்டைக்காரர்களும் மெத்தையுமாகப் பன்னிரண்டு பேரும் கார்த்திகையில் மலை ஏறினார்கள். ஊசியப்பனின் தோட்டம் உண்மையிலேயே நல்ல இடம். மண்ணைக் கிளறினால் புழு. பக்கத்திலேயே சுனை. தோட்டத்து ஓரத்தில் கிளை பரப்பிய ஒரு மரம். அதற்கடியில் சருகு நிறைந்த ஒரு பள்ளம்.

செங்கொண்டான் முதல் நாளே மரத்தின் உச்சிக்கு ஏறிக் கூவியது. எதிர்மலை அதே மாதிரி திருப்பிக் கூவியது.

"பார்த்தியாம்மா! மலையே எனக்குப் பதில் சொல்லுது!"

"சொல்லாம என்ன! யாரு பெத்த பிள்ளை!" என்றது பொறிச்சி.

இங்கேயும் கொண்டை வரிசைதான். உச்சியில் செங்கொண்டான், அடுத்த கிளையில் பொறிச்சி, அதற்கடுத்து மற்றவர்கள். மெத்தைக்கு அடிக்கிளைகூடக் கிடைக்கவில்லை. சருகுப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது.

மார்கழி பிறந்தது. காற்று ஊசி மாதிரி குத்த ஆரம்பித்தது. கொண்டைக்காரர்கள் எல்லோருக்கும் கொண்டை முனை மரத்துப்போயிற்று. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. கொண்டை வலிக்கிறது என்று ஒரு கொண்டைக்காரர் எப்படிச் சொல்வது? பொறிச்சிக்கும் வலித்தது. சொன்னால் பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று அதுவும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் விழித்துப் பார்த்தால் தோட்டம் முழுக்க வெள்ளை! உப்பு கொட்டிய மாதிரி புல் நுனியெல்லாம் உறைபனி. ஒரு கோழி தண்ணீர் குடிக்கப் போய் அலறிக்கொண்டு திரும்பி வந்தது.

"ஐயையோ! சுனைத் தண்ணி கல்லாப் போச்சு! கொத்தினா அலகு வலிக்குது!"

பொறிச்சிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பொழுது விடிந்து இவ்வளவு நேரம் ஆகியும் மகன் கூவவில்லை.

நிமிர்ந்து பார்த்தது. உச்சிக்கிளையில் செங்கொண்டான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. செக்கச்செவேல் என்று இருந்த கொண்டை வெளிறிக் கிடந்தது.

"ராசா! டேய் ராசா! கீழே இறங்குடா!"

செங்கொண்டான் இறங்கப் பார்த்தது. கால் கேட்கவில்லை. கிளையிலிருந்து அப்படியே சரிந்து, கிளைக்குக் கிளை மோதி, பொத்தென்று சருகில் விழுந்தது.

பொறிச்சி அலறிய அலறலில் ஊசியப்பனே வளையை விட்டு வெளியே வந்துவிட்டது. மற்றக் கோழிகள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடின. பொறிச்சி மகன் மேல் தன் சிறகை விரித்துப் பார்த்தது. அதன் சிறகோ மெல்லியது. உடம்போ நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிறவள் இன்னொருவருக்கு எங்கிருந்து சூடு கொடுப்பாள்?

"அக்கா, நகருங்க!"

மெத்தைதான். ஓடி வந்து, கேட்காமல் கொள்ளாமல், செங்கொண்டான் மேல் ஏறி உட்கார்ந்தது. முட்டையை அடைகாப்பது போலவே காலால் சரிசெய்து, இறகையெல்லாம் உப்பி விரித்து, தலையையும் உள்ளே இழுத்து மூடிக்கொண்டது. அவ்வளவு பெரிய சேவல் வெளியே தெரியவில்லை!

அன்று முழுதும் மெத்தை எழுந்திருக்கவில்லை. தீனி தின்னவும் வரவில்லை. வெயில் ஏறி, உச்சிப்பொழுது தாண்டி, சாயங்காலம் ஆகும்போதுதான் அதன் இறகுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா... பசிக்குது."

பொறிச்சி கேவிக் கேவி அழுதுவிட்டது.

உயிர் திரும்பிவிட்டது. ஆனால் கொண்டை திரும்பவில்லை. இரண்டு நாளில் ஆறு முனையும் கறுத்துச் சுருங்கின. வேறு மூன்று பேருக்கும் கொண்டை நுனி கறுத்திருந்தது. ஊசியப்பன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"என்னம்மா, கௌதாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா? மார்கழி பாதிகூட ஆகலை. நிஜக் குளிர் இனிமேதான்!"

இடத்தை விட்டால் கோடையில் அத்தனை பேரும் சாக வேண்டும். இடத்தை விடாமல் இருந்தால் இவர்கள் சாக வேண்டும்.

"எட்டு நாள் பொறுங்க சாமி" என்று மட்டும் சொன்னது.

பிறகு மெத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"ஏன்டி, உனக்குக் குளிரலையா?"

"குளிருதுக்கா. ஆனா தாங்குது. இறகு இருக்குல்ல. கொண்டைதான் இல்லையே, மரத்துப்போறதுக்கு! எனக்கு வெயில்தான் ஆகாது. போன சித்திரையில நானே போயிருப்பேன். என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கி மூச்சு வாங்கியே போயிட்டாங்க." மெத்தை காலால் சருகைக் கிளறியது. பிறகு, "அவங்களுக்காக நீங்க அழுதீங்கக்கா. நான் பார்த்தேன்" என்றது.

போன கோடையில் செத்த பதினேழு பேரையும் பொறிச்சி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தது. முதலில் போனவள் கால் முழுக்க இறகு உள்ளவள். இரண்டாவது போனவளும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவது... பதினேழு பேருமே அடிக்கிளைக்காரர்கள்! ஒரு கொண்டைக்காரர்கூட வெயிலில் சாகவில்லை. பதினேழு பேருக்கும் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறது. ஒருத்தியின் உடம்பையாவது உற்றுப் பார்த்திருக்கிறதா?

"பாவி நான்! குளிர் தாங்குறவங்களை வெயில்ல விட்டுட்டு, வெயில் தாங்குறவங்களைக் குளிருக்குக் கூட்டிட்டு வந்துட்டேனே! நீ அன்னிக்கே கேட்டியேடி. சிரிச்சேனே!"

"அதை விடுங்கக்கா. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க" என்றது மெத்தை.

பொறிச்சி எழுந்தது. கொண்டைக்காரர்களைக் கூப்பிட்டது. "இனிமே யாரும் மரம் ஏறக் கூடாது. எல்லாரும் சருகுப் பள்ளத்துல, மெத்தையை ஒட்டிப் படுக்கணும். நான் திரும்பி வர்ற வரைக்கும் அவ சொல்றதுதான் சட்டம்!"

"தரையிலயா? நாங்களா?" என்று ஒரு கொண்டைக்காரர் முனகினார்.

"தரையிலதான்" என்றது செங்கொண்டான். கறுத்த கொண்டையோடு அது சொன்னதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பள்ளத்தில் இறங்கினார்கள்.

பொறிச்சி தன்னந்தனியாக மலை இறங்கியது. விழுந்தடித்துக்கொண்டு ஓடி, மதியம் குளக்கரைக்கு வந்து சேர்ந்தது. அடிக்கிளைக்காரர்கள் பதினோரு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நரி நிற்கிறது!

"வாங்க பொறிச்சியம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க. இவங்களை என் குகைக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். கறையான் புற்று ஒண்ணு இருக்கு, சும்மா பொலபொலன்னு கொட்டுது!" என்றது நரி. அதன் வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

கத்திக் கூப்பாடு போட்டால் நரி அங்கேயே பாய்ந்துவிடும். குண்டு உடம்புக்காரர்கள் பறந்து தப்ப முடியாது. பொறிச்சி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"நியாயமூர்த்தி ஐயா! உங்களைத் தேடித்தான் ஓடி வந்தேன். நீங்க சொன்ன யோசனை இருக்கே, அதுக்கு ஈடே இல்லை!"

"அப்படியா?" நரிக்கே ஆச்சரியம்.

"ஆமா! ஆனா ஒரு அதிசயத்தைக் கேளுங்க. அந்தக் குளிர்ல மெத்தைக்கு எப்பப் பாரு பசி. தின்னு தின்னு உடம்பு ரெண்டு பங்காயிடுச்சு! நடக்கவே முடியலை, உருளுறா! இந்தப் பதினோரு பேரும் ஒரு மாசம் அங்க இருந்தா ஆளுக்கொரு பூசணிக்காய் ஆயிடுவாங்க!"

நரி நின்றபடியே கண்ணை மூடிப் பார்த்தது. பதினோரு பூசணிக்காய்! இன்றைக்குத் தின்றால் இவ்வளவுதான். ஒரு மாதம் பொறுத்தால்?

"அப்ப விருந்தைத் தள்ளி வச்சுக்கலாம்" என்றது அவசரமாக. "மலைக்குப் போகட்டும். உடம்பு முக்கியம்!"

"எப்படிப் போறது? வழியெல்லாம் காட்டுப்பூனையும் கீரியும் இருக்கே. துணைக்கு ஆள் இல்லையே" என்று பொறிச்சி கண்ணைக் கசக்கியது.

"நான் எதுக்கு இருக்கேன்!" என்றது நரி.

அன்றைக்கு அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்க வேண்டும்! முன்னால் பொறிச்சி. நடுவில் பதினோரு குண்டுக்கோழிகள். பின்னால் நரி, காவலுக்கு! ஒரு காட்டுப்பூனை புதரை விட்டுத் தலையை நீட்டியது. "போடா அந்தப் பக்கம்! ஒரு இறகைத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன்!" என்று நரி சீறியதில் அது வந்த வழியே ஓடிவிட்டது. கோழிகளுக்கு இவ்வளவு நல்ல காவல் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் உச்சிக்கு வந்தார்கள். தோட்டத்து வாசலில் ஊசியப்பன் நின்றது.

"சாமி, பன்னிரண்டு பேர்தானே கணக்கு? மெத்தை ஒண்ணு, இவங்க பதினொண்ணு. சரியா வந்துடுச்சு. இனிமே இவங்கதான் இருப்பாங்க. கொண்டைக்காரங்களை நான் கீழே கூட்டிட்டுப் போறேன்!"

"ஆள் மாறினா என்ன, பன்னிரண்டு குறையக் கூடாது, அவ்வளவுதான்" என்று ஊசியப்பன் ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டது. உருளுகிற மெத்தையைப் பார்க்கும் ஆசையில் கடைசியில் நரியும் நுழையப் பார்த்தது.

"நீ யாரு? உன்னோட பதிமூணு ஆகுதே!" என்று கேட்டு ஊசியப்பன் முதுகைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓடி வந்தது. நரியின் மூக்கில் நான்கு முள், முன்காலில் மூன்று! ஊளையிட்டுக்கொண்டு மலையை விட்டு உருண்டோடிய நரி, அதன் பிறகு குளக்கரைப் பக்கமும் வரவில்லை, மலைப்பக்கமும் வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் கொண்டைக்காரர்கள் கிளம்பினார்கள். பொறிச்சி தயங்கித் தயங்கி நின்றது.

"மெத்தை, இனிமே இந்த மலைக்கு நீதான் தலைவி. எனக்கு இந்தக் குளிர் ஆகாது. நான் இங்க இருந்தா உனக்குத்தான் பாரம். உன் நிஜப் பேர் என்னடி? இத்தனை நாளா நான் கேட்டதே இல்லை."

"பூவாத்தாக்கா" என்றது மெத்தை.

"பூவாத்தா, என் பிள்ளை உயிர் நீ போட்ட பிச்சை" என்று சொல்லிப் பொறிச்சி தலையைத் திருப்பிக்கொண்டது.

"போயிட்டு வாங்கக்கா. அடிக்கடி சேதி சொல்லி அனுப்புங்க" என்றது பூவாத்தா. அதற்கும் கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் மலையில் யாருக்கும் உச்சிக்கிளை கிடையாது, அடிக்கிளையும் கிடையாது என்று பூவாத்தா சொல்லிவிட்டது. பன்னிரண்டு பேரும் சருகுப் பள்ளத்தில் ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தார்கள். மார்கழி போயிற்று, தையும் போயிற்று. ஒரு இறகுகூட உதிரவில்லை. ஊசியப்பன் சொன்ன சொல் தவறவில்லை. இடம் அவர்களுக்கே ஆயிற்று.

சித்திரை வந்தது. போன வருஷம் போலவே பொல்லாத வெயில். குளமும் வற்றியது. ஆனால் கீழே இப்போது இருபத்தெட்டு பேர்தான். நடுக்குளத்தில் தேங்கிய கொஞ்சத் தண்ணீர் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. மெல்லிய இறகு, பெரிய கொண்டை. மலை ஏறாமலே எல்லோரும் அந்த வெயிலைத் தாங்கினார்கள். பொழுது சாயும்போது பொறிச்சி எண்ணிப் பார்க்கும். ஒவ்வொரு நாளும் இருபத்தெட்டும் இருக்கும். மலையிலிருந்தும் சேதி வந்தது. பூவாத்தா ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறதாம். ஒன்பதும் பிழைத்துவிட்டதாம்!

"மேல ஒரு சாவு இல்லை! கீழே ஒரு சாவு இல்லை!" என்று மரத்தடியெல்லாம் ஒரே கொண்டாட்டம்.

ஆனால் ஒருவருக்கு மட்டும் அந்த வெயில் ஆகவில்லை. செங்கொண்டானுக்குத்தான். கறுத்த முனைகள் எல்லாம் உதிர்ந்து, கொண்டை இருந்த இடத்தில் ஒரு தழும்புதான் மிச்சம் இருந்தது. கோழியின் உடம்புச் சூடு கொண்டை வழியாகத்தான் வெளியே போகும். மற்றவர்கள் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, செங்கொண்டான் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். பூவாத்தாவின் தங்கைகள் வாங்கிய மாதிரியே வாங்கும். மலைக்கு அனுப்பலாம் என்றால், சித்திரையிலும் அங்கே ராத்திரிக்குக் குளிர்தான்; ஒருமுறை உறைந்துபோன உடம்பும் அந்த மெல்லிய இறகும் அதைத் தாங்காது. இரண்டு இடமும் அதற்கு இல்லாமல் போயிற்று.

உச்சிப்பொழுது ஆனால் பொறிச்சி மகனைத் தண்ணீர் ஓரத்து ஈரமண்ணில் உட்காரவைக்கும். அங்கே மர நிழல் கிடையாது. அதனால் தான் வெயிலில் நின்று, இரண்டு சிறகையும் விரித்து அதற்கு நிழல் பிடிக்கும். வெயில் தாழும்வரை நிற்கும். நாள் தவறாமல் நிற்கும்.

"போதும்மா, நகரு. உனக்கும் சுடும்ல" என்றது செங்கொண்டான் ஒருநாள்.

"சுடட்டும்டா. அந்த உச்சிக்கிளையில உன்னை ஏத்தி உட்கார வச்சது நான்தானே" என்றது பொறிச்சி.

செங்கொண்டான் அம்மாவின் சிறகுக்கடியில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

ஓர் இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது யார் பார்க்க அழகு, யாருக்குப் பெருமை என்று பார்க்காமல், அந்த இடத்தை யாருடைய உடம்பு தாங்கும் என்று பார்க்க வேண்டும். பார்க்கத் தவறினால் அதற்கான விலையை நாம் உயிராய் நேசிப்பவர்களே கொடுக்க நேரும்.